மஞ்சள் பூட்ஸ் போட்ட கான்ட்ராக்டரிடம் சிங்கப்பூர்க்காரர்கள் அப்படி எதைக் கண்டார்கள்?

கேட்டவர்: கீரனூர்க்காரன்

எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊர் புதுக்கோட்டை மாவட்டம். சிங்கப்பூரில் ஒரு கட்டுமானத் தளத்தில் சூப்பர்வைசர் வேலை. பெர்மிட், லெவி பற்றிய கேள்வி இல்லை இது. டிவி காமெடி சமாச்சாரம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் டைல்ஸ் ஒட்டி முடித்த ஒரு பாத்ரூமைப் பார்க்க கிளையண்ட் தரப்பில் ஆள் வந்திருந்தார். வாளித் தண்ணீரைக் கொட்டிப் பார்த்தோம். எங்கேயும் தேங்கவில்லை, வாட்டம் பிடித்து நேராக ஓட்டைக்கு ஓடிவிட்டது. எங்கள் தவுக்கேவுக்கு (முதலாளிக்கு) வாயெல்லாம் பல். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "பெஸ்ட் இன் சிங்கப்பூர், ஜேபி, அண்ட் சம் சே பாத்தாம்" என்று இழுத்து ஒரு வசனம் விட்டார் (ஜேபி என்பது மலேசியாவின் ஜோகூர் பாரு, பாத்தாம் இந்தோனேசியத் தீவு). அவ்வளவுதான். லாரி ஓட்டும் மலாய்க்காரர், அளவெடுக்க வந்த சீனப் பெண், கிளையண்டின் இன்ஜினியர் (நம்ம தமிழ் ஆள், ஆனால் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்) எல்லாரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். நானும், பூச்சு வேலை பார்த்த எங்கள் பையன்களும், பக்கத்தில் நின்ற பங்களாதேஷ் தம்பியும் பேந்தப் பேந்த விழித்தோம்.

ராத்திரி யூடியூபில் தேடினேன். புவா சூ காங் என்ற பழைய சிங்கப்பூர் டிவி காமெடித் தொடர், அதே பெயரில் அதில் வரும் கான்ட்ராக்டரின் வசனம் அது. சுருட்டை முடி, முகத்தில் மச்சம், சுண்டு விரலில் நீள நகம், காலில் மஞ்சள் ரப்பர் பூட்ஸ். கையில் கிடைத்ததையெல்லாம் பார்த்தேன். சிரிப்பு வந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் இந்த ஆளா ஒரு நாட்டுக்கு அடையாளம்? 2021-ல் தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சொல்லி அரசாங்கமே இவரை ஆடிப் பாட விட்ட வீடியோ கிடைக்கிறது. இன்னொரு பக்கம், பிரதமரே ஒரு காலத்தில் இவர் பேச்சைக் குறை சொன்னார் என்கிறார்கள். ரெண்டும் எப்படிச் சேரும்?

இன்னொரு விஷயமும் உறுத்துகிறது. கட்டட வேலை என்றால் இந்த ஊரில் எங்கள் ஆட்களும் பங்களாதேஷ்காரர்களும்தானே. நான் பார்த்த மட்டும் இந்தக் கான்ட்ராக்டர் வீட்டில் எங்களைக் காணோம். இங்கேயே இருப்பவர்கள் யாராவது விளக்குங்களேன்.

---

தெப்ராவ்_அண்ணாச்சி

ஜேபிக்காரன் முதலில் பேசுகிறேன். எங்கள் பக்கத்தில் ஆன்டெனாவைத் தெற்கே திருப்பினால் சிங்கப்பூர் சானல் வந்துவிடும். அப்படிப் பார்த்து வளர்ந்த கூட்டம் நாங்கள்.

உங்கள் தவுக்கே சொன்ன வசனத்தை இன்னொரு தடவை சொல்லிப் பாருங்கள். நடுவில் சிங்கப்பூர். பாலத்தைத் தாண்டினால் ஜேபி. படகு ஏறினால் பாத்தாம், அதுவும் "சிலர் சொல்கிறார்கள்" என்ற அளவுக்குத்தான். சிங்கப்பூர்க்காரனுடைய உலகம் எவ்வளவு பெரிது, எந்த வரிசையில் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல வரைபடம் கிடையாது. வாரக் கடைசியில் மளிகை வாங்கவும், கார் கழுவவும், பல் பிடுங்கவும் எங்களிடம் வருவார்கள். மலிவாகப் பெட்ரோல் போட வந்துவிடக் கூடாதென்று முக்கால் டேங்க் இருந்தால்தான் பாலம் தாண்ட விடுகிறது அவர்கள் சட்டம். இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு அந்த வசனத்தைக் கேட்கிற ஜேபிக்காரனுக்குப் பெருமையும் வரும், கடுப்பும் வரும்.

2009-ல் எங்கள் மலேசியச் சானல் என்டிவி7 அதே மனிதரை மலேசியாவுக்குக் குடிபெயர்த்து 'புவா சூ காங் செண்டிரியான் பெர்ஹாட்' என்று தனியாகவே ஒரு தொடர் போட்டது. நான் பார்த்தேன். பூட்ஸ் வந்திருந்தது, ஆள் வரவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது.

---

ஈசூன்காரி

கீரனூர்த் தம்பி, யார் சிரித்தார்கள், யார் விழித்தார்கள் என்று நீங்களே பிரித்துச் சொல்லிவிட்டீர்கள். பாதி பதில் அதில் இருக்கிறது. அந்த பாத்ரூம் வாசலில் மலாய், சீனம், தமிழ் என்று யாரும் பிரிந்து நிற்கவில்லை. அந்தத் தொடர் ஓடிய வருடங்களில் சானல் 5 என்ற ஆங்கில அலைவரிசை பார்த்தவர்கள் ஒரு பக்கம், பார்க்காதவர்கள் மறு பக்கம். கொடியும் தேசிய கீதமும் செய்யாத வேலை இது. எங்கள் கொடியை யார் வேண்டுமானாலும் ஏற்றலாம், ஆகஸ்டில் புளோக் முழுக்கத் தொங்குகிறது. இந்த வசனத்துக்குச் சிரிக்க மட்டும் இங்கே இருந்திருக்க வேண்டும்.

1997-லிருந்து 2007 வரை ஓடியது. நான் ஈசூனில் வளர்ந்தவள், அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். தமிழ் நிகழ்ச்சிகளுக்கான வசந்தம் தனி அலைவரிசையானது 2008-ல்தான். அதற்கு முன் தமிழ் நிகழ்ச்சிகளுக்கு ஒதுக்கிய நேரம் முடிந்ததும் ரிமோட் தானாக சானல் 5-க்குப் போய்விடும். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. ஆனால் ரோஸி வந்தால் சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து நிற்பார். (ரோஸி என்பது சூ காங்கின் மனைவி. ஐரீன் ஆங் நடித்தது. பளபளா உடுப்பு, ஊரைக் கூட்டும் குரல்.) "இவ நம்ம ஏழாம் மாடிக்காரி மாதிரியே இருக்கா" என்பார் அம்மா.

ஏன் கான்ட்ராக்டர்? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் மற்றதெல்லாம் தெரிந்த மாதிரி. இந்த ஊரில் பத்துப் பேரில் எட்டுப் பேருக்குக் கிட்ட வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். எல்லாருக்கும் ஒரே மாதிரி அறை, ஒரே மாதிரி ஜன்னல், ஒரே மாதிரி கழிவறை. சாவி வாங்கிய மறுநாளே, பக்கத்து வீட்டிலிருந்து நம் வீடு வேறு என்று காட்டுவதற்காக டைல்ஸை உடைப்போம். ஆகவே சீனர், மலாய்க்காரர், தமிழர், பணம் உள்ளவர், இல்லாதவர் எல்லாருக்கும் வாழ்க்கையில் ஒரு தடவையாவது ஒரு கான்ட்ராக்டரோடு மல்லுக்கட்டிய அனுபவம் உண்டு. எங்கள் வீட்டுச் சமையலறையை உடைத்தபோது ஒரு புண்ணியவான் பழைய கேபினெட்டைப் பெயர்த்துப் போட்டுவிட்டுக் காணாமல் போனார். சிமெண்ட் மூட்டை தாழ்வாரத்தில், அரிசி டப்பா சாமி அலமாரிக்குக் கீழே, அடுப்பு வரவேற்பறையில் டிவிக்குப் பக்கத்தில். ஃபோன் போட்டால், "டுமாரோ சுவர் கம்!" அந்த வாரமும் புவா சூ காங் ஓடியது. டிவியில் அவர் யாரோ ஒரு கஸ்டமரை ஏமாற்ற, அப்பா நிஜமாகவே எழுந்து நின்று திட்டினார். அப்புறம் சிரித்தார். எங்கள் ஆள் அதற்கடுத்த வாரம், ஒன்றுமே நடக்காத மாதிரி, வாயில் பல்குச்சியோடு வந்து வேலையை முடித்தார். நன்றாகவும் முடித்தார். அதுதான் எரிச்சல்.

வீட்டுக்குள்ளேயும் கதை இருக்கிறது. தம்பி சூ பெங் (பியர் பிங்) படித்த கட்டடக் கலைஞர். அவர் மனைவி மார்கரெட் (டான் கெங் ஹுவா) நாக்கைச் சுழற்றி நயமான ஆங்கிலம் பேசும் அம்மணி. நடுவில் மாமியார், இரண்டு பக்கத்தையும் வெட்டிப் பேசும் கிழவி. ஒரே தலைமுறையில் ஒரு குடும்பம் இரண்டாகப் பிளந்ததை அந்த வரவேற்பறையில் பார்க்கலாம். ஒருத்தர் பல்கலைக்கழகம் போனார், ஒருத்தர் செங்கல் தூக்கினார். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். நான் டிப்ளமா, அண்ணன் பட்டறை. யார் மார்கரெட் என்று அண்ணன் அடிக்கடி எனக்கு ஞாபகப்படுத்துவான்.

இப்போது பிரதமர் விஷயம். 1999 தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் கோ சோக் டோங் இவரைப் பெயர் சொல்லியே பேசினார். நாட்டின் பொருளாதாரம், கல்வி என்று போகும் உரை அது. அதன் நடுவே ஒரு கற்பனைக் கான்ட்ராக்டர். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் "டோன்ட் ப்ரே ப்ரே" (விளையாடாதே) என்று இவரைப் போலவே பேசுகிறார்கள், ஆசிரியர்கள் புலம்புகிறார்கள் என்றார். அதோடு விடவில்லை. அந்தத் தொடரில் ஒழுங்கான ஆங்கிலம் பேச முயல்வது மார்கரெட் ஒருத்திதான், அவளோ அலட்டல்காரி, யார்தான் அலட்டல்காரியாக இருக்க ஆசைப்படுவார்கள் என்று கேட்டார். அந்தத் தொடரைப் பற்றி வந்த விமர்சனங்களில் ஆகச் சரியானது அதுதான் என்பேன், விமர்சகர் பிரதமராக இருந்தாலும்! கடைசியில், புவா சூ காங் தொழிற்சங்கக் காங்கிரஸ் என்டியுசி நடத்தும், தொழிலாளர்களுக்கு அடிப்படைக் கல்வி தரும் 'பெஸ்ட்' வகுப்பில் அடுத்த மாதம் சேர்கிறார், டிவி நிலையமும் ஒப்புக்கொண்டது என்று அறிவித்தார். "பெஸ்ட் இன் சிங்கப்பூர்" என்றவரை 'பெஸ்ட்' வகுப்புக்கே அனுப்பிவிட்டார்கள். இல்லாத ஒரு மனிதரைக் குடிமகனாகப் பாவித்து இரவுப் பள்ளியில் சேர்த்த அரசாங்கம் எங்களுடையது. அடுத்த ஆண்டே, 2000-ல், நல்ல ஆங்கிலம் பேசுவோம் இயக்கம் தொடங்கியது.

ஆனால் அவர் பேசியது வெறும் கொச்சை ஆங்கிலம் இல்லை. 1979-ல் மாண்டரின் பேசுவோம் இயக்கம் வந்த பிறகு ஹொக்கியன், கேண்டனீஸ், டியோச்சு போன்ற சீன வட்டார மொழி நிகழ்ச்சிகளையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக டிவியிலிருந்து எடுத்துவிட்டார்கள். எங்கள் புளோக் சீனப் பாட்டிகளுக்குத் தங்கள் வீட்டு மொழி டிவியில் இல்லாமல் போனது. அந்த ஹொக்கியன் முன்வாசலில் தடுக்கப்பட்டு, ஆங்கில நகைச்சுவையின் பின்வாசல் வழியாகப் புவா சூ காங் வாயில் திரும்பி வந்தது. பாட்டிகள் சிரித்தது இதற்கும் சேர்த்துத்தான்.

திட்டிய அரசாங்கமே பிறகு இவரைத் தேடிப் போனதைக் கேட்டீர்கள். 2003-ல் சார்ஸ் வந்தது. 238 பேருக்குத் தொற்று, 33 பேர் இறந்தார்கள். ஊர் பயந்து கிடந்தபோது கை கழுவு, கண்ட இடத்தில் துப்பாதே என்று சொல்ல ஒரு ஆள் வேண்டியிருந்தது. மார்கரெட் சொன்னால் யார் கேட்பார்கள்? புவா சூ காங் ராப் பாடினார், கேட்டார்கள். 2021-லும் அதே கதைதான். பாடம் நடத்தும்போது நல்ல ஆங்கிலம், உயிர்ப் பயம் வந்தால் சிங்கிலீஷ், அதாவது எங்கள் ஊர்க் கலப்பு ஆங்கிலம்.

நீங்கள் கடைசியில் கேட்டதுக்கும் வருகிறேன், அதுதான் எனக்கும் உறுத்தல். சூ காங்காக நடித்த குர்மித் சிங்கின் அப்பா பஞ்சாபி, அம்மா சீன–ஜப்பானிய வழி. சிங் என்று பெயர் வைத்த மனிதர் பத்து வருடம் ஹொக்கியன் கான்ட்ராக்டராக நடித்தார். எங்களுக்கு அது பெரிய சந்தோஷம், நம் ஊரில் இதெல்லாம் நடக்கும் பார் என்று. ஆனால் கதவு ஒரு பக்கம்தான் திறந்தது. 2019-ல் மின்னணுப் பணம் செலுத்தும் முறைக்கான விளம்பரம் ஒன்றில் சீன நடிகர் ஒருவர் முகத்தைக் கறுப்பாக்கிக்கொண்டு இந்தியராகவும், முக்காடு போட்டு மலாய்ப் பெண்ணாகவும் வந்தபோது ஊரே இரண்டுபட்டது. விளம்பரக்காரர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். அதைக் கிண்டலடித்துக் கெட்ட வார்த்தையோடு ராப் பாடிய இந்திய அண்ணன் தங்கைக்குக் காவல்துறை நிபந்தனையுடன் எச்சரிக்கை கொடுத்தது. சிறுபான்மை நடிகன் பெரும்பான்மையாக வேஷம் கட்டினால் நடிப்பு, திருப்பிச் செய்தால் கேலி. நடுவில் எடை வித்தியாசம் இருக்கிறது, சமம் என்று நான் சொல்ல மாட்டேன்.

சீனக் குடும்பத்தின் கட்டிலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதுவரை எனக்குத் தெரியும், டிவி காட்டியது. சாமி அலமாரிக்குக் கீழே அரிசி டப்பா வைத்த எங்கள் வீட்டை சூ காங் எட்டிப் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

---

ஓய்வுபெற்ற_வாத்தியார்

ஈசூன்காரி அருமையாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் ஆசிரியர்கள் 'புலம்பினார்கள்' என்று ஒற்றை வார்த்தையில் தாண்டியதற்கு என் ஆட்சேபம். புலம்பியவர்களில் நானும் ஒருவன்.

தொண்ணூறுகளில் அக்கம்பக்கப் பள்ளி ஒன்றில் வேலை பார்த்தேன். வீட்டில் நல்ல ஆங்கிலம் பேசுகிற பிள்ளை வகுப்பில் "டோன்ட் ப்ரே ப்ரே" என்றால் அது விளையாட்டு. பரீட்சைத் தாளில் மாற்றி எழுதிவிடும். கடைசி பெஞ்சில் இருந்த பிள்ளைகளுக்கு மாற்றி எழுத வேறு ஆங்கிலம் கிடையாது. அவர்களில் நம் தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தார்கள். 'ஓ' லெவல் பள்ளி இறுதித் தேர்வில் ஆங்கிலம் போனால் மேலே போகிற வழி குறுகிவிடும். சிங்கிலீஷைக் கொண்டாடிக் கட்டுரை எழுதுகிறவர்கள் எல்லாரும் அதை நல்ல ஆங்கிலத்தில்தான் எழுதுகிறார்கள் என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? குர்மித் சிங்குக்குப் பல மொழி தெரியும், புவா சூ காங்குக்கு சிங்கிலீஷ் மட்டும்தான் என்று பிரதமர் அன்றைக்குச் சொன்னதன் அர்த்தம் இதுதான்.

மற்றபடி நானும் வாரம் தவறாமல் பார்த்தேன். பிள்ளைகளிடம் சொல்லவில்லை.

---

ஈசூன்காரி

வாத்தியார் ஐயா, ஒத்துக்கொள்கிறேன், பரீட்சைத் தாள் விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் நடைமுறை. ஆனால் அந்தக் கடைசி பெஞ்ச் பிள்ளைகள் சிங்கிலீஷை டிவியில் கற்றுக்கொள்ளவில்லை. காப்பிக் கடையில், லிஃப்ட் அடியில், அப்பாவிடம் கற்றுக்கொண்டார்கள். டிவி செய்தது, அப்பா பேசுகிற மாதிரி ஒருத்தர் டிவியிலும் வரலாம் என்று காட்டியது மட்டும்தான்.

---

கீரனூர்க்காரன்

அக்கா, வாத்தியார் ஐயா, அண்ணாச்சி, எல்லாருக்கும் நன்றி. எங்கள் பையன்களுக்குப் படித்துக் காட்டினேன். ஒருத்தன் உடனே "பெஸ்ட் இன் கீரனூர், இலுப்பூர், சம் சே விராலிமலை" என்று ஆரம்பித்துவிட்டான். தவுக்கே காதில் விழுந்தது, என்ன என்று கேட்டார், விராலிமலை எங்கே இருக்கிறது என்று விளக்கினோம். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தத் தடவை விழித்தது அவர்.

பழைய தொடர் வேறு எதையாவது பார்க்கலாமா? நம்ம ஆட்கள் வருகிற மாதிரி?

---

ஈசூன்காரி

தம்பி, 'அண்டர் ஒன் ரூஃப்' பாருங்கள். 1995-ல் தொடங்கி 2003 வரை ஓடியது, புவா சூ காங்குக்கு மூத்தது. மீவாட்ச் என்ற இணையத் தளத்தில் தேடிப் பாருங்கள். பீஷான் வட்டாரத்தில் வீவக வீடு. குடும்பத் தலைவர் டான் ஆ டெக் (மோசஸ் லிம்) மினிமார்ட் வைத்திருப்பவர், எதற்கெடுத்தாலும் தென்சீனத்தில் முன்னொரு காலத்தில் என்று ஒரு கதையை அவிழ்த்துவிடுவார், பிள்ளைகள் தலையில் கை வைத்துக்கொள்வார்கள். அக்கம்பக்கத்தில் மலாய்க்கார யூசோஃப், இந்தியர் டெய்சி மேத்யூஸ். இந்தக் கலவை எழுதினவர் கற்பனை என்று நினைக்காதீர்கள். 1989-லிருந்து ஒவ்வொரு புளோக்கிலும் எந்த இனத்தார் எத்தனை பேர் இருக்கலாம் என்று அரசாங்கமே விகிதம் வைத்திருக்கிறது. தாழ்வாரமே அப்படித்தான் போடப்பட்டது, தொடர் அதை அப்படியே எடுத்துக்கொண்டது.

டெய்சியாக நடித்தவர் டெய்சி இரானி, இந்தியாவிலிருந்து வந்தவர். (பழைய இந்திப் படக் குழந்தை நட்சத்திரம் வேறு ஆள்.) முதலில் அவருடைய உச்சரிப்புக்குத்தான் சிரித்தோம், தலையாட்டலுக்குச் சிரித்தோம். எங்கள் வீட்டில் யாரும் அப்படிப் பேசவில்லை, இருந்தாலும் சிரித்தோம். போகப் போக அவருக்கென்று இருந்த குணத்துக்குச் சிரிக்க ஆரம்பித்தோம்.

2007-ல் 'தி நூஸ்' என்று போலிச் செய்தி நிகழ்ச்சி வந்தது. அதில் பிலிப்பினோ பணிப்பெண்ணாகவும், சீனாவிலிருந்து வந்த பாட்டு விடுதிப் பெண்ணாகவும் மிஷெல் சோங் நடித்தார். மறுபடியும் உச்சரிப்புதான் முழு ஜோக். புதிதாக வருகிறவர்களை இந்த ஊர் நகைச்சுவை வாசலிலேயே நிறுத்தி, பேச்சை மட்டும் வாங்கிக்கொள்ளும். கிண்டலாவது செய்தார்கள் என்று பிலிப்பினோ தோழி ஒருத்தி என்னிடம் சொன்னாள், கோபமாகவா சமாதானமாகவா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. எனக்குத் தெரிந்து, வீவக கட்டடங்களைக் கட்டிய உங்கள் ஆட்கள் அந்த வாசலுக்குக் கூட இன்னும் வரவில்லை.

---

தெப்ராவ்_அண்ணாச்சி

வந்தாலும் யார் நடிப்பார்கள் என்பதைப் பொறுத்திருக்கிறது. கீரனூர்த் தம்பி, விராலிமலை வசனத்தை முதலில் யூடியூபில் போட்டுவிடுங்கள், பிறகு எவனாவது கறுப்பு மை பூசிக்கொண்டு வந்து எடுத்துக்கொள்ளப் போகிறான்.